சிப்பி யார் என்பது பற்றிய தீர்மானம்

ஆதிலக்ஷ்மிக்கு முதலில் பயம் வந்ததே, தன் நாவலைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்காததால்தான்.

அவள் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. பிறந்த ஊர் தென்திருப்பேரை. கணவன் பராங்குசம் ஒரு உப்புக் கம்பெனியில் குமாஸ்தா. ‘பங்கஜத்தின் முகூர்த்தம்’ என்ற குடும்ப நாவலை எழுதி, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம் ஒன்றில் கொடுத்து, சொந்தச் செலவில் ஐந்நூறு பிரதி போட்டிருந்தாள். கையெழுத்துப் பிரதியை அச்சகத்துக்காரர் பத்திரிகைக் கட்டுகளுக்கு மேலுறையாகச் சுற்றி ஜில்லா முழுவதும் அனுப்பிவிட்டார். ஆகவே பங்கஜம் இந்த உலகத்தில் இருந்தது அந்த ஐந்நூறு பிரதிகளில் மட்டும்தான். அவை கட்டிலுக்கு அடியிலும், அரிசிப் பானைக்குப் பக்கத்திலும், பெருமாள் படத்துக்கு மேலேயும் இருந்தன. பராங்குசம் காலை நீட்டிப் படுப்பதை விட்டுவிட்டான்.

கடைகளில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றால், எல்லாக் கடைக்காரர்களும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

“சபை முத்திரை இருக்கா டீச்சர்? இல்லாட்டா நாங்க தொட மாட்டோம்.”

முத்துக்குளித்துறை நூல் வெளியீட்டுச் சபை தோன்றிய விதம் எளிமையானது. கடலில் சிப்பி எடுப்பது சில வருஷங்களாக நின்றுபோயிருந்தது. சிப்பி ஏலத்தை நம்பி ஊரில் பலர் இருந்தார்கள்: ஏலம் கூறியவர்கள், மேற்பார்த்தவர்கள், மேற்பார்த்தவர்களை மேற்பார்த்தவர்கள். சிப்பி இல்லை என்பதற்காக அவர்கள் எல்லாம் சும்மா இருந்துவிட முடியுமா? கூடிப் பேசினார்கள். இலக்கியத்துக்கு வந்தார்கள். ஏலத்தின் நடைமுறைகள் எல்லாம் கைவசம் இருந்தன. சிப்பிக்குப் பதிலாகப் புத்தகம் என்று மாற்றிக்கொண்டதைத் தவிர அவர்கள் வேறு எதையும் மாற்றவில்லை.

சபைக் கட்டடம் கடற்கரையில் சிப்பி குவித்துவைத்த ஒரு பழைய கிட்டங்கி. உள்ளே நுழைந்ததும் ஆதிலக்ஷ்மி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். செயலாளர் பொன்னுதுரை அதைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

“பழைய வாசன. நாங்களே கழுவாம வச்சிருக்கோம். மரபு பாருங்க.”

ஐந்நூறு பிரதிகளையும் வண்டியில் கொண்டுவந்து இறக்கியாயிற்று. ஒவ்வொரு பிரதியையும் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி அரக்கு வைத்துவிட்டார்கள். ஆதிலக்ஷ்மி தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

“நீங்கள் யாராவது ஒருதரம் வாசித்துப் பார்க்க வேண்டாமா சார்?”

பொன்னுதுரையின் முகம் சுருங்கியது. அபசகுனமான வார்த்தையைக் கேட்டவர்போல இரண்டு பக்கமும் பார்த்தார்.

“இங்கன வச்சு அப்படிப் பேசாதீங்கம்மா. சிப்பிய ஏலம் போடும்போது தொறந்து பாக்கிறதுண்டா? உள்ள முத்து இருக்குன்னு தெரிஞ்சா விக்கிறவன் விக்க மாட்டான். இல்லன்னு தெரிஞ்சா வாங்குதவன் வாங்க மாட்டான். பொறவு ஏலத்துக்கு என்ன மரியாத? எங்க சபையில இன்னைக்கு வர ஒரு பொஸ்தகத்தத் தொறந்ததா பேச்சு கெடையாது.”

“அப்படியானால் நல்ல புத்தகம் எது என்று...?”

“அதுக்கு அனுபவம் வேணும்.”

அனுபவம் உள்ளே இருந்து எழுந்து வந்தது. தலைவர் மந்திரமூர்த்தி ஒரு காலத்தில் சிப்பி ஏலம் கூறியவர். அவர் குரல் தோணியில் இருப்பவர்களுக்கும் கேட்கும் என்பார்கள். ஒரு பிரதியைக் கையில் எடுத்து எடை பார்த்தார். முகர்ந்தார். காதருகே வைத்துக் குலுக்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

“குடும்பக் கத. ஒரு கல்யாணம் நின்னு போகுது. கடைசியில எல்லாரும் ஒண்ணு சேந்துருதாங்க.”

அது அப்படியே சரியாக இருந்தது. அதனால்தான் ஆதிலக்ஷ்மி சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

சுவரில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தன மாலை.

“இவர்களெல்லாம்?”

“நம்ம சபை வெளியிட்ட ஆசிரியருங்க.”

“இறந்துபோய்விட்டார்களா?”

“சேச்சே! என்ன டீச்சர் இப்படிக் கேட்டுட்டிய? இவர் பழைய காயல் பக்கத்துல உப்பளம் பாக்குதார். இவர் இன்சூரன்ஸ். இந்தம்மா முறுக்குச் சுத்துதாங்க, நல்லா ஓடுது. ஒருத்தரும் அதுக்கப்புறம் ஒரு வரி எழுதல. அத்தன சுத்தமா அழுகிட்டாங்க.”

“என்ன ஆகிவிட்டார்கள்?”

“அழுகிட்டாங்க. சிப்பிய எடுத்த ஒடனே முத்து வந்துருமா? வேலிக்குள்ள குமிச்சு, ஈ மொய்க்க விட்டு, சதையெல்லாம் அழுகணும். பொறவு கழுவினா முத்து நிக்கும். எழுத்தும் அப்படித்தான். எழுதணும்ங்கிற ஆச அழுகி ஒழியணும். மிச்சம் நிக்கிறது எலக்கியம்.”

“அந்தக் கடைசிப் படம்? அதில் இருப்பவர்?”

பொன்னுதுரை படத்தைத் திரும்பிப் பார்க்காமல், “அவர் இன்னும் அழுகல. அவரப் பத்தி நாங்க பேசுறதில்ல” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஆதிலக்ஷ்மி கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பராங்குசம் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“ஏன்னா, நாம புஸ்தகத்தைத் திருப்பி வாங்கிண்டு வந்துடலாமா?”

மறுநாள் காலையில் அவன் போய்க் கேட்டுவிட்டு வந்தான். சட்டை முழுவதும் வேர்த்திருந்தது.

“குடுக்க மாட்டாளாம். கரைக்கு வந்த சிப்பியைத் திருப்பி எடுத்துண்டு போற வழக்கமே இல்லையாம். ஆசிரியர் விலகிண்டா அத்தனை பிரதியையும் பார்ல கொண்டுபோய்க் கொட்டிடுவாளாம்.”

“பார்லயா?”

“கடலுக்குள்ள சிப்பி விளையற பாறைத் திட்டாம். அங்கேதான் போட்டுட்டு வருவா. அந்த மனுஷன் ரொம்ப மரியாதையாச் சொன்னான். அதான் நேக்குப் பயமா இருக்கு.”

ஐந்நூறு பங்கஜங்களும் கயிறு கட்டிய நிலையில் கடலில் மூழ்குவதை ஆதிலக்ஷ்மி நினைத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டிருந்தது. விழாவுக்குப் போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

விழாவன்று கிட்டங்கி நிரம்பியிருந்தது. வந்தவர்கள் எல்லாம் உறுப்பினர்கள். ஆதிலக்ஷ்மிக்கு மேடையில் நாற்காலி இல்லை. தரையில் ஒரு பனம்பாய் விரித்து, கட்டுகளுக்கு நடுவில் அவளை உட்கார வைத்தார்கள். பராங்குசம் கடைசி வரிசையில் நின்றான்.

தலைவர் மந்திரமூர்த்தி பேச எழுந்தார்.

“பேரன்பு கொண்ட பெரியோர்களே! இந்த நூலைப் பற்றி நான் என்ன சொல்ல? ஒன்றும் சொல்வதற்கில்லை. ஏன்? நான் திறக்கவில்லை! திறந்தவன் பேசுவான், திறக்காதவன் சிந்திப்பான். எத்தனையோ நூல்களுக்கு அணிந்துரை தந்திருக்கிறேன். ஒன்றையாவது பிரித்துக் கெடுத்தேன் என்று யாராவது சொல்ல முடியுமா? என் வீட்டில் ஒரு அலமாரி நிறையப் புத்தகம். அத்தனையும் கன்னி கழியாமல் இருக்கின்றன. என் மனைவி ஒருநாள் ஒன்றைப் பிரித்தாள். அன்றிலிருந்து அவளோடு நான் பேசுவதில்லை.”

பலத்த கைதட்டல். ஆதிலக்ஷ்மியும் கைதட்டினாள். தட்டாவிட்டால் என்ன செய்வார்களோ என்று இருந்தது.

“வாசகர் என்று ஒருவரைப் பற்றி வெளியூரில் பேசுகிறார்களாம். நம் விதிகளில் அப்படி ஒருவர் இல்லை. வேண்டும் என்று யாரும் விண்ணப்பிக்கவும் இல்லை. இப்போது சபை நெடுங்காலமாக முடிவு செய்யாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். சிப்பி யார்? நூலா, ஆசிரியரா? நூலை அழுகப் போட வேண்டுமா, ஆசிரியரை அழுகப் போட வேண்டுமா? என் கட்சி தெளிவானது. ஆசிரியரே சிப்பி!”

எதிர்க்கட்சித் தலைவர் அற்புதமணி குதித்து எழுந்தார். இவர் தனக்காக வாதாடப் போகிறார் என்று ஆதிலக்ஷ்மிக்கு ஒரு கணம் நம்பிக்கை பிறந்தது.

“தலைவர் அவர்களை மறுக்கிறேன்! நூல்தான் சிப்பி. ஆசிரியர் யார்? சிப்பிக்குள் விழுந்த மணல். அந்த உறுத்தலால்தான் முத்து விளைகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மணலை யாராவது வேலி கட்டிப் பாதுகாப்பார்களா? அம்மையார் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆகவே அவர்களைத் தோணியில் ஏற்றி, மரியாதையோடு பொன்னாடை போர்த்தி, ஆழமான இடமாகப் பார்த்துப் போட்டுவிட வேண்டும் என்று திருத்தம் கொண்டுவருகிறேன். நூல்களை மட்டும் அழுகவிடலாம்.”

அவருக்கும் பலத்த கைதட்டல். பராங்குசம் பின்னாலிருந்து, “ஐயா, இது என்ன அக்கிரமம்? அவள் என் ஆத்துக்காரி!” என்று கத்தினான். பக்கத்தில் இருந்தவர்கள் அவன் தோளை அன்பாகத் தட்டி, ஏற்புரைக்குப் பிறகு குடும்பத்தார் பேச நேரம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள்.

“தீர்மானத்தை வாக்குக்கு விடுகிறேன்” என்றார் தலைவர். “ஆசிரியரே சிப்பி என்பவர்கள் கை தூக்கலாம்.”

கைகள் எழுந்தன. சபையில் சரிபாதி. இப்போது பேசாவிட்டால் இனி எப்போது? அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை கூட்டம் போட்டால், யாரானாலும் கையைத் தூக்கி உத்தரவு வாங்கிக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும். பயத்தில் பழக்கம்தான் முதலில் வந்தது. அவள் கையைத் தூக்கினாள்.

“ஒரு வாக்கு கூடுதல்!” என்று தலைவரின் குரல் கடல் வரைக்கும் போனது. “ஆசிரியர் அம்மையாரே நம் பக்கம்! தீர்மானம் நிறைவேறியது!”

அற்புதமணி பெருந்தன்மையானவர். தோல்வியை ஒப்புக்கொண்டு, ஆதிலக்ஷ்மிக்கு அவரே பொன்னாடையைப் போர்த்தினார். அப்புறம் ஏலம். தலைவர் ஏலம் கூறினார்; கேட்டவர்கள் கூவவில்லை. ஒரு துண்டுக்குள் கையை விட்டு ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசினார்கள். யார் எடுத்தார்கள் என்பது ஆதிலக்ஷ்மிக்குச் சொல்லப்படவில்லை. சிப்பியிடம் சொல்வது வழக்கமில்லை.

கிட்டங்கிக்குப் பின்னால் மணலில் பனையோலை வேலி அடைத்திருந்தார்கள். உள்ளே புத்தகக் கட்டுகளைக் குவித்து, பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, ஆதிலக்ஷ்மியை உட்கார வைத்துப் படலைச் சாத்தினார்கள். காவலுக்கு விக்டோரியா என்று ஒருத்தி. அழுகிய சிப்பியைக் கழுவுகிற வேலையில் முன்பு இருந்தவள். தினமும் காலையில் வந்து ஆதிலக்ஷ்மியை முகர்ந்து பார்த்துச் செயலாளருக்குத் தகவல் சொல்வதுதான் இப்போது அவள் வேலை.

“இன்னும் அழுகல சார்!” என்று படலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்துவாள். பிறகு திரும்பி, “சிப்பின்னா ஒரு பேச்சுப் பேசாதும்மா. ஒங்கள மாதிரி ஆளுங்கதான் அழுவுதிய, தண்ணி கேக்கிய. பெரிய தொல்லயாப் போச்சு” என்று அலுத்துக்கொள்வாள்.

பராங்குசம் தயிர்சாதம் கொண்டுவந்து வேலி இடுக்கு வழியாகக் கொடுத்தான்.

“ஏன்னா, நிஜத்தைச் சொல்லுங்கோ. நான் எப்படி இருக்கேன்?”

“நன்னாத்தான் இருக்கே. கொஞ்சம் கறுத்திருக்கே. வெயில்.”

“வாசனை?”

அவன் வேலியில் மூக்கை வைத்து முகர்ந்தான். “கடல் வாசனைதான்டி. இந்த ஊர்ல எல்லார் மேலயும் அடிக்கிறது” என்றான். பிறகு வேலிக்குள் விரலை விட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டான். “போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எழுத்தாளர் விவகாரம்னா சபை மூலமா வரணும்ங்கறா. நீ மட்டும் தைரியமா இருந்துக்கோ.”

அவன் போன பிறகு ஈக்கள் வந்தன. முதலில் புத்தகங்களின் மேல் உட்கார்ந்தன. பிறகு அவள் மேல். அவள் கண்ணை மூடிக்கொண்டு, மனசைத் தேற்றிக்கொள்வதற்காக நாவலை நினைத்துப் பார்த்தாள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள், பங்கஜம் கூடத்தில் நிற்கிறாள். என்ன நிறப் புடவை?

நினைவுக்கு வரவில்லை.

மயில்கழுத்தா? அரக்கா? அந்த நிறத்தைத் தீர்மானிக்க அவள் ஒரு வாரம் கஷ்டப்பட்டிருந்தாள். பராங்குசத்திடம் சண்டைகூடப் போட்டிருந்தாள். இப்போது பங்கஜம் ஒரு நிறமும் இல்லாமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவள் மூக்குத்தி போனது. பிறகு கூடமும் போய்விட்டது. அந்த இடத்தில் முறுக்குச் சுற்றி விற்றால் எப்படி ஓடும் என்று ஒரு யோசனை வந்தது.

ஆதிலக்ஷ்மி வீறிட்டாள். அழுகல் தொடங்கிவிட்டது. அவள் குவியலின் மேல் விழுந்து, கைக்குக் கிடைத்த ஒரு பிரதியை எடுத்து, அரக்கைப் பல்லால் கடித்து, கயிற்றை இழுத்து அறுத்தாள்.

“ஏய், ஏய், என்ன செய்யுதிய?” விக்டோரியா எழுந்து வந்தாள். “அதத் தொறக்கப்படாதுன்னு சொல்லியிருக்காவ!”

“புடவை நிறம் பார்க்கணும்!”

“யாரு பொடவ?”

“பங்கஜத்தின் புடவை!”

“அது யாரு?”

ஆதிலக்ஷ்மி புரட்டுவதை நிறுத்திவிட்டுத் தலை நிமிர்ந்தாள். இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் இதுவரை கேட்டதில்லை.

“கதையில் வரும் பெண்” என்றாள்.

“பொஸ்தகத்துல கதையா இருக்கு?” விக்டோரியா குவியலைச் சந்தேகமாகப் பார்த்தாள். “இத்தன வருசமா இதுக்குத்தான் காவல் இருக்கனா? சரி, தொறந்தாச்சுல்ல. என்னன்னு வாசிங்க, கேப்போம்.”

ஆதிலக்ஷ்மி முதல் வரியை வாசித்தாள்.

“‘கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், மாப்பிள்ளை சமையலறைக்கு வந்து, தாகமாக இருக்கிறது என்றான், ஆனால் பங்கஜம் நீட்டிய கூஜாவை அவன் தொடவே இல்லை.’”

விக்டோரியா மணலில் உட்கார்ந்தாள்.

“தொடலியா? பொறவு எதுக்கு அங்கன வந்தான்?”

ஆதிலக்ஷ்மி மேலே வாசித்தாள். புடவை மயில்கழுத்து நிறம்தான். அந்த வரியை அவள் இரண்டு தரம் வாசித்தாள். மாப்பிள்ளை எதையோ சொல்ல வந்து சொல்லாமல் போனான். “சொல்லித் தொலையேண்டா, மூதி” என்றாள் விக்டோரியா. பங்கஜத்தின் அக்காள் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். “இவ ஒருத்தி. இவள மாதிரி எங்க தெருவுல ஒருத்தி கெடக்கா” என்றாள் விக்டோரியா.

முதல் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்போது படல் திறந்தது. பொன்னுதுரையும் பின்னால் தலைவரும் அற்புதமணியும் நின்றார்கள். பொன்னுதுரையின் பார்வை விரிந்து கிடந்த புத்தகத்தின் மேல் விழுந்தது. அவர் துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

“தொறந்துட்டாங்க! ஐயோ, தலைவரே, பாக்காதிய!”

தலைவர் திரும்பி நின்றுகொண்டார். அவர் குரல் உடைந்திருந்தது.

“என்ன காரியம் செஞ்சீங்கம்மா! தொறந்த சிப்பிக்கு வெல உண்டா? ஏலம் ரத்து. எடுத்தவர் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? இந்தம்மாவ வெளிய அனுப்புங்க. பொஸ்தகம் அத்தனையும் அவங்களே எடுத்துட்டுப் போகட்டும். இனிமே இத நாங்க தொட மாட்டோம். சந்தன மாலயும் கெடையாது.”

“ஆசிரியரே சிப்பின்னு சொன்னா இப்படித்தான் ஆகும். மணல்னு நான் அப்பவே சொன்னேன்” என்றார் அற்புதமணி. மூவரும் வாதாடிக்கொண்டே கண்ணைப் பொத்தியபடி, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு போனார்கள்.

சேதி கேட்டுப் பராங்குசம் வேலிக்கு ஓடி வந்தான். “வாடி, வாடி, விட்டுட்டா! நான் போய் வண்டி பிடிச்சுண்டு வரேன்!” என்று சாலைப் பக்கம் ஓடினான்.

ஆதிலக்ஷ்மி எழுந்திருக்கப் போனாள். விக்டோரியா அவள் முழங்காலைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“அவனுவ கெடக்கானுவ. நீ வாசிளா.”

படல் திறந்து கிடந்தது. கடற்காற்று நேராக உள்ளே வந்தது. ஆதிலக்ஷ்மி இரண்டாம் அத்தியாயத்தைப் பிரித்தாள். கல்யாணப் பந்தி வர்ணனை. பதினொரு பக்கம். ரசம் என்று ஊரார் சொல்லும் சாத்தமுதின் வாசனைக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தாள். எழுதியபோது அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. பராங்குசமும் பிரமாதம் என்றிருந்தான். இப்போது பக்கத்தில் ஒருத்தி, வாயில் போட வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடைக்குக் கீழே பனம்பாயில் உட்கார்ந்திருந்தபோதுகூட ஆதிலக்ஷ்மி இப்படிப் பயந்ததில்லை.

மூன்று வரி வாசித்தாள். ஓரக்கண்ணால் பார்த்தாள். விக்டோரியாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் நாலு வரி. விக்டோரியா கழுத்தைச் சொறிந்துகொண்டாள்.

ஆதிலக்ஷ்மி குரலைக் கொஞ்சமும் மாற்றாமல், சில தாள்களைச் சேர்த்துப் பிடித்து மெதுவாகப் புரட்டினாள்.

“ஏளா” என்றாள் விக்டோரியா, “தாளு ஒட்டிக்கிட்டுப் போவுது. பிரிச்சு வாசி.”